இருநூறு அடி நடக்க முடியுமா?

எலும்பு டாக்டர் ஆபீசில் முன்மேஜையில் உட்காருகிறவளுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு: நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வந்து "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்று சொன்னால், உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட வேண்டும்.

நான் ஆறு வருஷமாக வெஸ்ட் வின்ட்சர் பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் வேலை பார்க்கிறேன். ஃபோன் எடுப்பது, அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது, இன்ஷூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் என் தலையில். பக்கத்து நாற்காலியில் டெனிஸ். நியூஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்தவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. தமிழ் முகம் எது உள்ளே நுழைந்தாலும் நேராக என் பக்கம் கையைக் காட்டிவிடுவாள். அப்படி என்னிடம் வந்து சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கார் கண்ணாடியில் மாட்டுகிற, சக்கர நாற்காலிப் படம் போட்ட அந்த பார்க்கிங் பர்மிட். அதைத் தொங்கவிட்டால் கடை வாசலுக்கு நேராகக் காரை நிறுத்தலாம். அதற்கு எங்கள் டாக்டரம்மா கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் யாராயிருந்தாலும் ஒரு கேள்வி கேட்பார்: "நடுவில் நிற்காமல் இருநூறு அடி நடக்க முடியுமா?"

பர்மிட் வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர் தன் வாயால் கேட்கவே மாட்டார். மகனோ மகளோ மருமகளோதான் கேட்பார்கள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "எனக்கெதுக்கு? அதெல்லாம் முடியாதவங்களுக்கு" என்பார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறாரா? அப்படியானால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், நாம் ஒரே ஜாதி. என் வீட்டிலும் ஒருத்தர் உண்டு. அவரைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷம் ஆகிறது.

வாயுப் பிடிப்பு

என் கணவர் ரகு நியூயார்க்கில் வேலை பார்க்கிறவர். காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் காரை நிறுத்திவிட்டு ட்ரெயின் பிடிப்பார். அந்தப் பார்க்கிங் மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடைசி வரிசையிலிருந்து பிளாட்ஃபாரத்துக்கு வருவதற்குள் காபி செரித்துவிடும். போன வருஷம் காரிலிருந்து இறங்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். "என்னங்க?" என்றால், "இடுப்புல வாயுப் பிடிப்பு" என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு போய்விடுவார். நானா விடுகிறவள்? எங்கள் டாக்டரம்மாவிடமே இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தேன். வாயுவும் இல்லை, ஒன்றும் இல்லை. இடுப்பு மூட்டில் எலும்புக்கு ரத்தம் போகாமல் அது நொறுங்கிக்கொண்டு வருகிறதாம். வசந்தத்தில் ஆபரேஷன். அதுவரை அதிகம் நடக்கக் கூடாது, முக்கியமாகப் பனியில் வழுக்கி விழவே கூடாது, விழுந்தால் நிலைமை மோசமாகிவிடும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார்.

அன்றைக்கே பர்மிட் ஃபார்மை எடுத்து நீட்டினேன். ரகு தொடக்கூட இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர் வார்த்தையை எண்ணிப் பேசுகிற ஆள். கல்யாணமான புதிதில் இவருக்குத் தமிழ் தெரியுமா என்றே என் தங்கைக்குச் சந்தேகம். ஆனால் போன ஒரு வருஷமாக மனுஷன் மாறிவிட்டார். தினம் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் குடியிருப்பைச் சுற்றி ஒரு நடை போவோம், குளிரானாலும் கோட்டை மாட்டிக்கொண்டு. அப்போது நடுவழியில் நின்றுவிடுவார். "அந்த வீட்டு வேலிக்கு என்ன கலர் அடிச்சிருக்கான் பார்" என்பார். "நிலாவைப் பார் ரேவதி" என்பார். காலேஜில் நடந்த கதையெல்லாம் சொல்வார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பதை நெருங்குகிற வயசில் என் புருஷனுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று சென்னைக்கு ஃபோன் போட்டுத் தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டேன். அந்த நடையையே இப்போது எனக்கு எதிராகச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"தினம் சாயங்காலம் உன்கூட ஒரு மைல் நடக்கறேனே, அது யாரு, என் தம்பியா?"

உட்கார்ந்து காட்டியவர்

பொன்னுசாமி அங்கிளுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். இங்கே மகனோடு இருக்கிறார். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், காரிலிருந்து எங்கள் வாசலுக்கு வருவதற்குள் மகன் தோளைப் பிடித்தபடி வந்தார். உள்ளே போனதும் தோளை விட்டார், சட்டையை இழுத்துவிட்டார், நெஞ்சை நிமிர்த்தினார். மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொல்வதற்கு முன்பே அங்கிள் இங்கிலீஷில், "டூ மைல்ஸ்!" என்றார். மகன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

டாக்டரம்மா மகனைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார். அங்கிளுக்குச் சந்தேகப் பார்வை பிடிக்கவில்லை. "பாருங்க" என்று தரையில் சட்டென்று குந்தி உட்கார்ந்து காட்டினார். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் ஒத்துக்கொள்வாரா? கட்டிலுக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட்டோம். இரண்டு மைல் நடக்கிறவருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். வெளியே வந்து நாற்காலியில் விழுந்த அங்கிளிடம், "ஏன் அங்கிள் இப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"வெள்ளைக்காரம்மா முன்னாடி போயி முடியலைன்னு சொன்னா, நம்ம ஊருக்கே கெட்ட பேருங்க அம்மிணி."

வாசல் வரைக்கும்

மத்தியானம் சாப்பிடும்போது டாக்டரம்மாவிடம் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் ஆட்களைக் கேள்வி கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பினால் கார் வரைக்கும் போய் வழியனுப்புவோம், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு இன்னும் அரைமணி பேசுவோம், அப்படி வருகிறவரை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. அதனால் நீங்கள் கேள்வியே கேட்காதீர்கள், கார் வரைக்கும் கூடப் போங்கள், போதும். அவர் சாலட்டை மென்றுகொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அடுத்த மாசம் அங்கிள் முட்டிக்கு ஊசி போட வந்தார். முடிந்ததும் டாக்டரம்மா எழுந்து, "வாங்க, கார் வரைக்கும் நானும் வரேன்" என்றார். அங்கிளுக்கு ஒரே சந்தோஷம். மூன்று பேரும் கிளம்பினோம். வாசல் தாண்டியதும் அங்கிள் நின்று, தொட்டியில் இருந்த செடியைக் காட்டி இது என்ன செடி என்று கேட்டார். பத்துக் கார் தாண்டியதும் நின்று, ஒரு வண்டியைத் தட்டி இது எவ்வளவு மைலேஜ் தரும் என்றார். அப்புறம் நின்று வானத்தைப் பார்த்து, "கருக்கலா இருக்குது, மழை வருமுங்க" என்றார். வானம் பளிச்சென்று இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் பொறுமையாக நின்று கேட்டார், கடைசியில் அங்கிளின் கார் பானெட்டின் மேலேயே ஃபார்மை வைத்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்:

"உங்க ஊர்க்காரங்க யாருமே வலிக்குதுன்னு நிக்கறதில்லை ரேவதி, எல்லாரும் எதையோ காட்டறதுக்குத்தான் நிக்கறாங்க."

வெள்ளிக்கிழமை

எங்களிடம் வருகிற லலிதா ஆன்ட்டிக்கு பர்மிட் தபாலில் வந்தது புதன்கிழமை. புதுப் பொருள் வந்தால் சாமி முன்னாடி வைத்து எடுக்க வேண்டாமா? பூஜை அலமாரியில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் காரில் மாட்டலாம் என்று திட்டம். வியாழக்கிழமை இந்தியக் கடையில் முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று யாரோ ஃபோன் பண்ணினார்கள். ஆன்ட்டி போனார், வாசலுக்கு நேராகச் சக்கர நாற்காலிப் படம் போட்ட இடத்தில் ஜம்மென்று காரை நிறுத்தினார். திரும்பி வந்தால் கண்ணாடியில் அபராத டிக்கெட்.

அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார், டாக்டர் போலீசுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். கூடவே பர்மிட்டையும் காட்டினார். சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, நம்பரே தெரியவில்லை. நான் ஸானிடைசரைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். "ஆன்ட்டி, பர்மிட் காருக்குள்ள தொங்கினாத்தான் கணக்கு, வீட்ல இருந்தா எப்படி?" என்றேன். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாமிகிட்ட இருக்கிறதை நான் பொய்யா சொல்லப்போறேன்? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா அந்தப் போலீஸ்காரன்?"

மாமியாருக்கு வந்த மவுசு

பர்மிட் யார் பேரில் இருக்கிறதோ அவர் காரில் இருந்தால்தான் அந்த இடத்தில் நிறுத்தலாம். இந்தச் சட்டத்தைப் போட்டவர் எந்த நாட்டுக்காரரோ, நம்ம குடும்பங்களுக்கு நல்லது பண்ணியிருக்கிறார். டப்ளினிலிருந்து இங்கே மாறி வந்த ஒரு குடும்பம். மாமியாரும் மருமகளும் எங்கள் ஆபீஸ் காத்திருக்கும் அறையில் மூன்று நாற்காலி தள்ளித்தான் உட்காருவார்கள். மாமியாருக்குப் பர்மிட் வந்த பிறகு மறுபடி செக்கப்புக்கு வந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மருமகள் கையில் மாமியாரின் ஸ்வெட்டர், ஃபிளாஸ்கில் அவருக்கு வெந்நீர். மருமகள் ரெஸ்ட்ரூம் போன நேரம் பார்த்து, "என்ன மாமி, ரொம்ப ராசியாயிட்டீங்க போல இருக்கே?" என்று கேட்டேன். மாமி குரலைத் தாழ்த்தினார்.

"மால், கோயில், பர்த்டே பார்ட்டி, என்னை விட்டுட்டு எங்கேயும் கிளம்பறதில்லை. முட்டி தேஞ்சதுல இது ஒண்ணுதான் லாபம்."

ஃபைலில் ஏறுமா?

ஜனவரியில் ஒரு மதுரைப் பையன் வந்தான், சாஃப்ட்வேர் இன்ஜினியர். உள்ளரங்க கிரிக்கெட்டில் பாய்ந்து கேட்ச் பிடித்ததில் கணுக்கால் முறிந்து, கட்டுப் போட்டு, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். கேட்சையும் விட்டுவிட்டானாம், அந்த வருத்தம் வேறு. சில மாசத்துக்கு மட்டும் வேண்டிய பர்மிட்டை எங்கள் மாநிலத்தில் உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில்தான் கொடுப்பார்கள். ஃபார்மைக் கொடுத்து, "இதை எடுத்துட்டுப் போய் போலீஸ் ஸ்டேஷன்ல குடுங்க" என்றேன். பையன் முகத்தில் ரத்தமே இல்லை. "போலீஸா? அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றான்.

எவ்வளவு எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. நான் விசாவில் இருக்கிறேன், இது என் ஃபைலில் ஏறுமா, நாளைக்கு கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணும்போது உனக்குக் கால் சரியில்லையாமே என்று கேட்பார்களா என்று ஒரே கேள்வி. கடைசியில் ஃபார்மை மேஜையிலேயே வைத்துவிட்டு, பனியில் தத்தித் தத்திக் கோடியில் இருந்த காருக்குப் போனான். நானும் டெனிஸும் அவன் போய்ச் சேருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். போய்ச் சேர்ந்ததும் டெனிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"காலை உடைச்சுக்கிட்டது கிரிக்கெட்ல. இதுல இமிக்ரேஷன் எங்கேர்ந்து வந்தது?"

சிரிக்காதவர்

இந்தக் கதையைச் சாயங்காலம் வீட்டில் நடித்தே காட்டினேன். ஒன்பதாவது படிக்கிற என் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ரகு சிரிக்கவில்லை. தட்டில் இருந்த ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் மாடிக்குப் போனதும், "அவன் கேட்டதுல என்ன தப்பு?" என்றார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பதினோரு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம் என்று ஆரம்பித்தார். இந்த நேரத்தில் கவர்ன்மென்ட் பேப்பரில் இவன் நடக்க முடியாதவன் என்று ஒரு வரி ஏற வேண்டுமா? அதைப் போலீஸிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா? ஆபீசில் யாராவது அந்தப் பர்மிட்டைப் பார்த்து, அடுத்த தடவை ஆள் குறைக்கும்போது என் பேரை நினைத்துக்கொண்டால்? வேலை போனால் வரிசையும் போச்சு, வீடும் போச்சு. மூன்று மாசமாக இதை மனசில் வைத்துக்கொண்டு, "நான் நல்லா நடக்கறேன்" என்று என்னிடம் கதைவிட்டிருக்கிறார்.

மறுநாள் காலை எங்கள் இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஃபோன் போட்டேன். அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது கார் நிறுத்துவதற்கான சமாச்சாரம், உங்கள் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். ஓடிவந்து ரகுவிடம் சொன்னேன். அசையவில்லை. அந்த வாரமே ஒரு நாள் வீட்டுக்கு வந்தவரின் கோட்டில் இடது பக்கம் முழுக்க ஈரம், ரோட்டில் தூவுகிற உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. காபி கொட்டிவிட்டது என்றார். காபி என்றைக்கு வெள்ளையாக இருந்தது? ஸ்டேஷனில் வழுக்கியிருக்கிறார், எதையோ பிடித்துத் தப்பித்திருக்கிறார். "இன்னொரு தடவை விழுந்தா என்ன ஆகும் தெரியுமா?" என்று கத்தினேன்.

"விழலை ரேவதி, கொஞ்சம் சாஞ்சுக்கிட்டேன்."

என் மேஜையிலிருந்து பார்த்தது

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு செக்கப் என்று சொல்லி அப்பாயின்ட்மென்ட் போட்டேன். டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "வழியனுப்புங்க." உள்ளே இவர் நான் எதிர்பார்த்த மாதிரியே ஒரு மைல் என்று அளந்துவிட்டிருக்கிறார். டாக்டரம்மா மறுபேச்சுப் பேசாமல் எழுந்து, "வாங்க, உங்க காரைப் பார்க்கலாம்" என்றாராம். இவர் பதறிப்போய், "நோ நோ டாக்டர், ப்ளீஸ், நான் போய்க்கறேன்" என்றாராம். ஆனால் கூட வருகிற பெரியவங்களை வராதே என்று சொல்கிற வளர்ப்பு இல்லையே. இரண்டு பேரும் என் மேஜையைத் தாண்டி வெளியே போனார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இலையெல்லாம் கொட்டிய மரத்துக்குப் பக்கத்தில் ரகு நின்றார். மேலே கையைக் காட்டி, குருவிக் கூடு ஒன்றைப் பற்றி என்னவோ சொன்னார். அப்புறம் விளக்குக் கம்பத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்று பேசினார். அப்புறம் இரண்டு காருக்கு நடுவில் நின்றார், வானத்தைக் காட்டினார். குளிர்காலம், நாலரை மணிக்கே நிலா வந்திருந்தது. அந்தக் கை எனக்குத் தெரியும். தலையைக் கொஞ்சம் சாய்த்து, உடம்பின் கனத்தையெல்லாம் வலது காலில் வைத்துக்கொண்டு "நிலாவைப் பார் ரேவதி" என்கிற அதே கை. ஒரு வருஷமாக நான் கேட்ட காலேஜ் கதை, வேலிக் கலர், நிலா எல்லாம் இதுதானா? ஊரில் இருக்கிற கிழவர்களையெல்லாம் கண்டுபிடிக்க வழி சொல்லிக் கொடுத்தவள் நான். என் பக்கத்தில் நடந்து வந்தவர் ஒவ்வொரு நூறு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், நான் பூரித்துப்போய்த் தங்கைக்கு ஃபோன் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடிக்கிற ஃபோனை டெனிஸ் எடுத்துக்கொண்டாள், டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினாள். டாக்டரம்மா குளிரில் மூக்கு சிவக்கத் திரும்பி வந்தார்.

"மூணாவது தடவை நின்னப்போ வலிக்குதான்னு கேட்டேன், ஆமான்னு ஒத்துக்கிட்டார், கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா ரேவதி, உன் ரகு எவ்வளவு அழகாப் பேசறார்!"

காரில்

வீட்டுக்குப் போகும்போது நான்தான் ஓட்டினேன். ரூட் ஒன்றில் ஒரே நெரிசல். பிரேக்கை மிதித்து மிதித்துக் கோபமெல்லாம் காலில் இறங்கிவிட்டது. "ஏங்க எங்கிட்டச் சொல்லலை?" என்று மட்டும் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முதல் தடவை வலிக்காகத்தான் நின்னேன், எதையாவது சொல்லணுமேன்னு காலேஜ் கதையைச் சொன்னேன். உன் முகம் அப்படி மலர்ந்துடுச்சு. அப்புறம் எப்படிப் போய் இடுப்பு வலிக்குதுன்னு சொல்றது?"

எல்லா சர்டிஃபிகேட்டும்

வலியை ஒத்துக்கொண்ட பிறகு ஃபார்மை மறுக்க வழி இல்லை, சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷன். எங்கள் இரண்டு பரம்பரையிலும் அந்தப் படி ஏறினவர் கிடையாது. ரகு பிளேசர் போட்டுக்கொண்டார், தலையைப் படிய வாரினார். கையில் பெரிய ஃபைல். பாஸ்போர்ட், விசாப் பேப்பர், கல்யாண சர்டிஃபிகேட், வீட்டுப் பத்திரத்தின் காப்பி. இன்ஜினியரிங் டிகிரி எதற்கு என்று கேட்டேன், இருக்கட்டுமே என்றார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள் டோனட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரகு ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். அவள் டாக்டர் கையெழுத்துப் போட்ட ஃபார்மையும் டிரைவிங் லைசென்ஸையும் மட்டும் உருவிக்கொண்டாள், மற்றதை அப்படியே திருப்பித் தள்ளினாள். கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டினாள். பர்மிட்டைக் கொடுத்துவிட்டு, "ஐஸ்ல பார்த்து நடங்க சார்" என்று டோனட்டுக்குத் திரும்பிவிட்டாள். விசா கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை, இடுப்பைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது.

காருக்கு வந்து உட்கார்ந்த ரகு ரொம்ப நேரம் பெல்ட்டே போடவில்லை. பர்மிட்டை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். மூன்று மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். அப்பாடா என்று எனக்கும் மூச்சு வந்தது. பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் பர்மிட்டை அவரே மாட்டினார், நல்ல நேரமெல்லாம் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை பிளாட்ஃபாரத்திலிருந்து, ட்ரெயின் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டேன் என்று படம் எடுத்து அனுப்பினார். ஆனால் அன்றைக்குக் காரில் உட்கார்ந்து சொன்னது வேறு. கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது அந்தக் குரலில்.

"ரேவதி, அந்தம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை!"

மறுபடியும் வேலி

வசந்தத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்து நடந்தார், அப்புறம் கைத்தடி, அப்புறம் வெறும் கை. பர்மிட்டின் தேதி முடிந்தது, அதை நாங்கள் புதுப்பிக்கவில்லை. டாக்டரம்மா அனுமதி கொடுத்த அன்றைக்கே சாயங்கால நடையை மறுபடி ஆரம்பித்தோம். ரகு ஒரே மூச்சில் ஒரு சுற்று முழுக்க நடந்தார், எங்கேயும் நிற்கவில்லை. வாயும் திறக்கவில்லை. வலி போய்விட்டதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே சமயம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று காலியாகிவிட்ட மாதிரி இருந்தது. அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. நான் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள், அந்த வேலி வீட்டுக்கு முன்னால் ரகு டக்கென்று நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. புது மூட்டில் என்ன ஆச்சோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, வலிக்குதா? உட்காருங்க, இங்கேயே உட்காருங்க" என்று நடைபாதை ஓரத்தைக் காட்டினேன். அவர் இரண்டு காலையும் சமமாக ஊன்றி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"வலியும் இல்லை, ஒண்ணும் இல்லை. மறுபடியும் கலரை மாத்திட்டான் பார் அந்த ஆளு. உங்கிட்டச் சொல்லணும்போல இருந்தது, அதான் நின்னேன்."

ஆகவே, என் கட்சிக்காரர்களே, உங்கள் வீட்டுக்காரர் நடுவழியில் நின்றால் முதலில் ஒரு நாற்காலி தேடுங்கள், அது வேண்டாம் என்று அவர் நிமிர்ந்து நின்று சொன்னால், சமையல் ஆறினாலும் பரவாயில்லை என்று அந்த வேலியின் கலரைப் பற்றி முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.